முதலில் மேடை, பிறகு விருது

2025 மார்ச் 23 இரவு மும்பை கார் பகுதியில் உள்ள ‘ஹேபிடேட்’ அரங்கை ஷிண்டே தரப்பு சிவசேனையினர் அடித்து நொறுக்கினார்கள். மகாராஷ்டிரத் துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேயைப் பெயர் சொல்லாமல் கிண்டலடித்த ஸ்டாண்ட்-அப் கலைஞர் குணால் காம்ராவின் நிகழ்ச்சி அங்கே பதிவானதுதான் குற்றம். மறுநாள் மாநகராட்சி ஆட்களும் சுத்தியலோடு வந்தார்கள். வழக்கில் சிக்கிய காம்ரா விழுப்புரம்வாசி என்பதால் அவருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால முன்ஜாமீன் தந்தது. முன்ஜாமீன் கேட்க வழியில்லாத அரங்கம், மூடுவதாக அறிவித்தது.

பெரிய இழப்பு அரங்கம்தான். பாடகர் வீட்டில் சாதகம் செய்யலாம். ஸ்டாண்ட்-அப் கலைஞருக்கு அது முடியாது. சிரிப்பு வருமா என்பதைக் கண்ணாடி சொல்லாது. யாரும் மேடையேறிப் பார்க்கக்கூடிய ‘ஓப்பன் மைக்’கில் ஐந்து நிமிடம் கிடைக்கும். எடுபடாத ஜோக்கில் ஒரு சொல்லை வெட்டி, ஒரு இடைவெளியை நீட்டி, அடுத்த வாரம் இன்னொரு கூட்டத்திடம் சொல்லிப் பார்ப்பார்கள். இப்படி மாதக்கணக்கில் கழித்தது போக எஞ்சுவதே ஒரு மணி நேர நிகழ்ச்சி. இதைக் கலை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

நமக்கு இது புதுசும் அல்ல. கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே நக்கலடிப்பான். என்.எஸ்.கிருஷ்ணன் ‘நல்லதம்பி’யில் (1949) நந்தனாரைக் கிந்தனாராக்கி, காலட்சேபப் பாணியிலேயே தீண்டாமையைச் சாடினார். பாட்டும் பேச்சுமாக மேடையேறும் அலெக்சாண்டர் பாபுவை அந்த வரிசையில் வைக்க நமக்குத் தயக்கமில்லை. அரசு அங்கீகாரமும் இதற்குச் சாத்தியம்தான்: உட்கார்ந்தபடி ஒற்றை ஆள் நகைச்சுவைக் கதை சொல்லும் ‘ரகுகோ’ கலைஞர் யானகியா கோசானை 1995-இல் ஜப்பான் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று அறிவித்தது. இங்கோ, ரூ.1.5 லட்சம் வரையிலான கலைஞர் ஊதியத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு என்றால் அது நாட்டுப்புற, செவ்வியல் இசை, நடனம், நாடகத்துக்கு மட்டும். வளரும் கலைஞர்கள் பலருக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானமே இராது என்பது வேறு விஷயம்.

மட்டமான ஜோக்குகள் இல்லையா? ஏராளம். மட்டமான கச்சேரிகளும் உண்டு. அதற்காக யாரும் சபாவை இடிப்பதில்லை.

கலைமாமணி விருதுப் பட்டியல் காத்திருக்கட்டும். அரசு அரங்குகளிலும் மாவட்ட நூலகங்களிலும் ஐம்பது பேர் அமரும் அறைகளைக் குறைந்த வாடகைக்குத் திறந்துவிடட்டும் தமிழக அரசு. ஸ்கிரிப்டை முன்கூட்டியே காட்டு என்ற நிபந்தனை கூடாது. மிரட்டல் வந்தால், 2021 நவம்பரில் ஸ்டாண்ட்-அப் கலைஞர் முனாவர் ஃபாரூக்கியின் நிகழ்ச்சிக்குப் பெங்களூரு காவல்துறை செய்ததுபோல ரத்து செய்யச் சொல்லாமல், மிரட்டியவர் மீது வழக்குப் போட வேண்டும்.