கல்வராயன் மலைக்கு கார் ட்ரிப்... பிளான் போடும் முன் இதைப் படிச்சிடுங்க!

2011-ல் 'ஜிந்தகி நா மிலேகி தோபாரா' படம் வந்ததிலிருந்து, ஃப்ரெண்ட்ஸ் குரூப்பில் யாராவது ஒருத்தர் 'ஸ்பெயினில் கார் ட்ரிப் போலாமா?' என்று கேட்காமல் ஒரு வருஷமும் முடிவதில்லை. விசா, ஃப்ளைட் டிக்கெட், லீவு என்று கணக்குப் போட ஆரம்பித்ததும் குரூப்பே சைலன்ட் ஆகிவிடும். ஸ்பெயின் இருக்கட்டும். சனி, ஞாயிறு இரண்டே நாளில், சொந்தக் காரில், குடும்பத்தோடு போய் வருகிற மலை ஒன்று இருக்கிறது. அதுதான் கல்வராயன்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி திரும்பிய பக்கமெல்லாம் ஹோட்டல் இருக்காது. அதனால்தான் கூட்டம் குறைவு. அதனால்தான் பிளானும் அவசியம்.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து வருபவர்கள் உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலைக்குத் திரும்பினால் கள்ளக்குறிச்சி. சேலம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு ஆத்தூர், சின்னசேலம் வழி. காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். டிபனை கள்ளக்குறிச்சியில் முடித்துவிட்டு, டேங்க்கை ஃபுல் செய்து, டயரில் காற்றும் ஸ்டெப்னியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கம் வேண்டும். மலையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. சிக்னல் இல்லாவிட்டால் ஜிபேயும் இல்லை. கூகுள் மேப்பை கீழேயே ஆஃப்லைனில் டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து கச்சிராயபாளையம். மலையடிவாரத்தில் 46 அடி உயரம் தண்ணீர் தேக்கும் கோமுகி அணை. அங்கிருந்து மலைப்பாதை ஆரம்பம். வழியில் பெரியார் அருவி, மேலே கரியாலூரில் படகு சவாரி, அதையும் தாண்டினால் வெள்ளிமலை. மேகம், கவியம் அருவிகளுக்கு நடக்க வேண்டும். சின்னக் குழந்தைகளும் முட்டிவலிக்காரர்களும் இருந்தால் இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள்.

இங்கே கிலோமீட்டரை நம்பாதீர்கள். மேப் காட்டும் நேரத்தோடு இன்னும் பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்கு இறங்க ஆரம்பித்தால், வெளிச்சம் இருக்கும்போதே சமவெளிக்கு வந்துவிடலாம். ராத்திரி கள்ளக்குறிச்சியில் தங்கலாம். மறுநாள் காலையில், 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம். சேலம்காரர்கள் கருமந்துறை, தும்பல், வாழப்பாடி வழியாகவும் இறங்கலாம்.

ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு...

இறங்கும்போது நியூட்ரல் வேண்டவே வேண்டாம். ஏறும்போது போட்ட அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். குறுகலான மலைச்சாலையில், ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இது விதி. வளைவுகளில் ஹாரன் அடியுங்கள்.

மழை முடிந்த கையோடு போனால் அருவிகள் நிறைந்திருக்கும், கோடையில் மெலிந்துவிடும். ஆனால் மழை பெய்துகொண்டிருக்கும்போது அருவியில் இறங்காதீர்கள். மேலே எங்கோ பெய்த மழைக்கு, கீழே திடீரென வெள்ளம் வரும். வனத்துறை 'குளிக்கக் கூடாது' என்றால், குளிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

அந்தச் சாலை யாருடையது?

மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளம் என்று நினைக்க வேண்டாம். தமிழ் பேசும் மக்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலிவாங்கியது நினைவிருக்கும். அதன் பிறகு, கல்வராயன் மலை மக்களுக்கு அடிப்படை வசதிகள் கிடைக்கவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அதில் முக்கியமாகப் பேசப்பட்டவற்றில் ஒன்று, சாலை.

நமக்கு அது ஒரு வீக் எண்ட் ரோடு. அவர்களுக்கு மரவள்ளியும் கடுக்காயும் சந்தைக்குப் போகும் வழி. பிரசவ வலி எடுத்த பெண்ணை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழி. கொண்டை ஊசி வளைவில் காரை நிறுத்தி ரீல்ஸ் எடுத்தால், பின்னால் வரும் ஆம்புலன்ஸ் எங்கே போகும்? சாலை அகலமாக இருக்கும் இடத்தில் மட்டும் ஓரங்கட்டுங்கள்.

பாட்டிலும் பிளாஸ்டிக்கும் உங்கள் டிக்கியிலேயே கீழே வரட்டும். வீடுகளையும் மனிதர்களையும் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். வழியில் தேனும் சாமையும் விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். வெள்ளிமலையில் ஒரு டீ குடித்துவிட்டு, கடைக்கார அண்ணனிடம் 'மேல ரோடு எப்படி இருக்கு?' என்று கேட்டுக்கொண்டு அப்புறம் வண்டியை எடுங்கள். நேற்று ராத்திரி பெய்த மழையில் எங்கே மரம் விழுந்தது என்று கூகுள் மேப்பைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்!