ஸ்டெப்னி இல்லாம வெள்ளிமலை ஏறுறோம்

"ரெய்டு போட்டிருக்கு சார். ஒரு டிஸ்க் போனாலும் டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது. பெட்டியை ஆஃப் கூட பண்ண வேணாம், ஓடிக்கிட்டு இருக்கும்போதே கழட்டிட்டு புதுசை மாட்டிக்கலாம்."

இந்த வசனத்தை கள்ளக்குறிச்சியில மூணு இடத்துல என் காதால கேட்டிருக்கேன். ஒரு ஸ்டுடியோ, ஒரு ஆடிட்டர் ஆபீஸ், ஒரு ரைஸ்மில். மூணு இடத்துலயும் சொன்னவர் பெட்டி விக்க வந்தவர். சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்லைங்க. சொல்லாம விட்டாங்க பாருங்க, அதைத் திட்டத்தான் இந்தப் பதிவு. பி.காம் படிக்கிற பயலுக்கு ஹார்ட் டிஸ்க்ல என்ன வேலைன்னு கேக்குறவங்க கொஞ்சம் பொறுங்க. இது கம்ப்யூட்டர் சயின்ஸ் மேட்டரே இல்ல, நம்ம அக்கவுண்ட்ஸ் மேட்டர்னுதான் சொல்லப் போறேன் :-)

முதல்ல ரெய்டு 5ன்னா என்னன்னு நம்ம பாஷையில பாத்துடுவோம். ஒரு லெட்ஜர் பக்கத்துல மூணு தொகை, கீழ கூட்டுத்தொகை. மூணுல ஒண்ணு மேல டீ கொட்டி அழிஞ்சு போச்சு. பரவாயில்ல, கூட்டுத்தொகையில இருந்து மிச்ச ரெண்டையும் கழிச்சா அழிஞ்சது கிடைச்சுடும். நாலு டிஸ்க் பெட்டியில நடக்குறதும் ஏறக்குறைய இதேதான். மூணு டிஸ்க் அளவுக்கு டேட்டா, ஒரு டிஸ்க் அளவுக்கு பாரிட்டிங்கிற கூட்டுத்தொகை. அந்தக் கூட்டுத்தொகை ஒரே டிஸ்க்ல இல்லாம நாலுலயும் பரவி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ரெண்டு தொகை ஒரே நேரத்துல அழிஞ்சா? கழிக்க வழியில்ல, பக்கமே போச்சு.

1988ல கலிஃபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரங்க மூணு பேர், பேட்டர்சன், கிப்சன், காட்ஸ், இதை எழுதினப்போ ரெய்டுங்கிற பேருக்குள்ள 'மலிவான டிஸ்க்குகள்'னு ஒரு வார்த்தை இருந்துச்சு. அப்புறம் அது 'தனித்தனி டிஸ்க்குகள்' ஆயிடுச்சு. ஏன்னு விலைப்பட்டியலைப் பாத்தா புரியும்.

ஓடும்போதே கழட்டலாம்ங்கிறதும் நிஜம்தான். சாட்டா பவர் கனெக்டர்ல பின் எல்லாம் ஒரே சமயத்துல தொடுற மாதிரி செய்யல. உள்ளே தள்ளும்போது கிரவுண்ட் முதல்ல தொடும், மத்தது அப்புறம். அதனாலதான் அதுக்குன்னு செஞ்ச பெட்டியில கரண்ட் இருக்கும்போதே தைரியமா மாட்டலாம். (இதைப் படிச்சுட்டு வீட்டு கம்ப்யூட்டரைத் திறந்து ஓடுற டிஸ்க்கைப் புடுங்காதீங்கப்பா. அது வேற கதை.)

சரி, புது டிஸ்க்கை மாட்டியாச்சு. அடுத்தது ரீபில்டு. செத்துப்போன டிஸ்க்ல என்ன இருந்ததுன்னு மிச்ச மூணையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிச்சு, கழிச்சுக் கழிச்சு புதுசுல எழுதணும். 4 டெராபைட் டிஸ்க், நொடிக்கு 150 மெகாபைட் வேகம்னு வச்சுக்குவோம். நீங்களே வகுத்துப் பாருங்க, ஏழரை மணி நேரம் வரும். அதுவும் பெட்டி வேற எந்த வேலையும் பாக்காம இருந்தா. கடையும் ஓடணும்னா ஒரு நாள் முழுக்க கூட போகும். டிஸ்க் செத்த நிமிஷத்துல இருந்து அந்த ஏழரை (ஆமா, ஏழரையேதான்) முடியுற வரைக்கும் உங்க ரெய்டு 5 பெட்டிக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. மிச்ச மூணும் அதே நாள்ல, அதே கடையில, ஒருவேளை அதே அட்டைப் பெட்டியில இருந்து வாங்கினது. அதே சூட்டுல, அதே தூசில வேலை பாத்தது. அதுங்களைத்தான் இப்ப வாழ்நாள்லயே பெரிய ஓட்டம் ஓடச் சொல்றோம்.

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுற பஸ்ஸை நினைச்சுக்கோங்க. வழியில ஒரு டயர் போச்சு, ஸ்டெப்னி போட்டாச்சு. அதுக்கப்புறம் எந்த டிரைவராவது "இனி எத்தனை டயர் போனாலும் ஒண்ணும் ஆகாது"ன்னு பாட்டைப் போட்டுக்கிட்டு வளைவுல வேகமா ஏறுவாரா? நம்ம கடைக்காரங்க ஏறுறாங்க. இதுல பாதிப் பேர்கிட்ட ஸ்டெப்னியே கிடையாது. டிஸ்க் செத்த பிறகுதான் ஆர்டரே போடுவாங்க, அது வந்து சேர மூணு நாளு.

அந்த ஸ்டுடியோ கதையைச் சொல்றேன், பேரு வேணாம். மலை மேல இருக்குற ஊர்கள்ல கூட கல்யாணம் எடுக்கப் போவாங்க. நாலு டிஸ்க் பெட்டி. ஒண்ணு செத்து பெட்டி கீ கீன்னு கத்துச்சு. கஸ்டமருக்குத் தொந்தரவுன்னு பீப் சத்தத்தை ஆஃப் பண்ணிட்டாங்க! கொஞ்ச நாள் கழிச்சு சர்வீஸ் பையன் வந்தான். ஸ்க்ரீன்ல 'டிஸ்க் 2'ன்னு இருந்துச்சு. இடப்பக்கத்துல இருந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி ரெண்டாவதைப் புடுங்கினான். அந்தப் பெட்டி பூஜ்யத்துல இருந்து எண்ணுற ஜாதி. செத்தது மூணாவது ட்ரே. நல்லா இருந்த டிஸ்க் வெளியே வந்துடுச்சு. அப்பவாவது கையைக் கட்டிக்கிட்டு நின்னிருந்தா சென்னையில யாராவது மீட்டுக் குடுத்திருப்பாங்க. ஸ்க்ரீன்ல கேட்டதுக்கெல்லாம் 'சரி, சரி'ன்னு அழுத்தி புது வால்யூம் உருவாக்கிட்டான். ரெண்டு மாசம் கழிச்சு வெள்ளிமலைப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. வீட்டுக்காரர் தவறிட்டாராம், பெரிசு பண்ணி மாட்ட வேற ஃபோட்டோ இல்லையாம், மக கல்யாணத்துல நல்லா சிரிச்சுக்கிட்டு இருந்தாராம். ஆல்பத்துல அவர் முகம் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருந்துச்சு.

அந்தப் பையனைத் திட்டி பிரயோசனமில்ல. அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? டிஸ்க் மேல ஒட்டியிருக்குற சீரியல் நம்பரை ட்ரே முகப்புல தெரியுற மாதிரி எழுதி ஒட்டுறது ரெண்டு ரூபாய் ஸ்டிக்கர் வேலை. ஸ்க்ரீன்ல காட்டுற சீரியலும் ட்ரேல இருக்குற சீரியலும் ஒண்ணான்னு பாத்துட்டு புடுங்குனா தப்பே நடக்காது. பெட்டியை வித்தவர் முதல் நாளே அதைச் செஞ்சு குடுத்திருக்கணும். பில்லுல 'இன்ஸ்டலேஷன் சார்ஜ்'னு ஒரு வரி போட்டாருல்ல, அது எதுக்காம்?

இப்ப நம்ம ஏரியாவுக்கு வர்றேன். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 128 என்ன சொல்லுது? கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுக்கு வச்சிருக்கணும். அதே சட்டத்தோட அட்டவணை 2ல சர்வருக்குப் போட்டிருக்குற ஆயுள் எவ்வளவு? ஆறு வருஷம். ஹார்ட் டிஸ்க் வாரண்டி மூணு இல்லேன்னா அஞ்சு வருஷம். எட்டு வருஷம் வாழ வேண்டிய கணக்கை ஆறு வருஷப் பெட்டிக்குள்ள, அஞ்சு வருஷ டிஸ்க்ல வைக்கிறோம். அப்ப நடுவுல டிஸ்க் மாத்துறது விபத்தா? தேய்மானம்ங்க அது! வரும்னு தெரிஞ்ச செலவுக்கு முன்கூட்டியே ப்ராவிஷன் வைக்கணும்னு முதல் வருஷத்துலயே படிச்சோமே. ஆனா எந்தக் கடையிலயும் ஸ்பேர் டிஸ்க்குக்கு ஒரு பைசா ஒதுக்கி நான் பாத்ததில்ல.

பேக்கப்பும் நல்ல புத்தி இருக்குறவங்களுக்கு மட்டும் உள்ளதுன்னு நினைக்காதீங்க. கம்பெனிகள் கணக்கு விதிகள்ல முதல்ல 'அவ்வப்போது' எடுக்கணும்னு இருந்ததை 2022 ஆகஸ்ட்ல 'தினமும்'னு மாத்திட்டாங்க. பேக்கப் எங்கேன்னு கேட்டா ரெய்டைக் காட்டுறவங்களை என்ன பண்றது? ரெய்டுக்கு நீங்க அழிச்சதும் நல்ல டேட்டாதான், வைரஸ் பூட்டினதும் நல்ல டேட்டாதான். எல்லா டிஸ்க்லயும் ஒழுங்கா எழுதி வச்சுடும்.

பெரிய எடத்துல எல்லாம் சரியா இருக்கும்னு நினைச்சா அதுவும் இல்ல. 2021 பிப்ரவரி 24 அன்னிக்கு காலை 11.40க்கு தேசிய பங்குச் சந்தை நின்னுச்சு. மெயின் இடத்துக்கும் அதுக்கு மாற்றா வச்சிருந்த இடத்துக்கும் நடுவுல இருந்த தொலைத்தொடர்பு இணைப்பு அறுந்துச்சு. அது அறுந்தாலும் தாங்கணும்னு கட்டின ஸ்டோரேஜ் தாங்கல, கிளியரிங் சிஸ்டம் படுத்துச்சு. சாயங்காலம் 3.45க்குத்தான் திரும்ப வர்த்தகம். 2023ல என்எஸ்இயும் அதோட கிளியரிங் கம்பெனியும் 72 கோடிக்கு மேல கட்டி செபியோட அந்த வழக்கை முடிச்சுக்கிட்டாங்க. 2025 செப்டம்பர் 26ல தென்கொரியாவுல டேஜான் நகரத்து அரசு டேட்டா சென்டர்ல யூபிஎஸ் பேட்டரி மாத்தற வேலை நடக்கும்போது தீப்பிடிச்சுது. அரசு ஊழியர்களோட ஃபைல்கள், 858 டெராபைட், போயே போச்சு. அளவு ரொம்பப் பெரிசுன்னு வெளிய ஒரு காப்பி வைக்கலையாம். நம்ம ஸ்டுடியோக்காரர் சொன்ன அதே காரணம், அவ்வ்வ்வ்...

டிஸ்க் கம்பெனிகளும் யோக்கியம் இல்ல. நாஸ் பெட்டிக்குன்னே வித்த டபிள்யூடி ரெட் டிஸ்க்குகள்ல சிலதை, எழுதுற வேகத்தைக் குறைக்கிற எஸ்எம்ஆர் முறையில செஞ்சு, அதைச் சொல்லாமலே வித்தது 2020 ஏப்ரல்ல வெளிய வந்துச்சு. ரீபில்டு நேரத்துல அதுங்க திணறும். அதனால மாத்து டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர்தானான்னு மாடல் நம்பரைப் பாத்து வாங்குங்க. பழைய டிஸ்க்கை விட ஒரு பொட்டு கூட சின்னதா இருக்கக்கூடாது.

"அதான் கிளவுட் இருக்கே"ன்னு ஒரு குரூப் வரும். 12 டெராபைட்டை 50 எம்பிபிஎஸ் அப்லோட்ல ஏத்த 22 நாள் ஆகும், ராத்திரி பகலா, கரண்ட் போகாம. மழைக்காலத்துல நம்ம ஊர்ல ட்ரை பண்ணிப் பாருங்க. ரெண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, ஒண்ணு கடையில, ஒண்ணு வீட்லன்னு வாரம் மாத்தி வைக்கிறது இதுக்கு எவ்வளவோ மேல். பெட்டியில கை வைக்கிறதுக்கு முன்னாடி அந்தக் காப்பி இருக்கான்னு பாக்கணும். யூபிஎஸ் நிக்குதான்னு பாக்கணும். ரீபில்டு முடியுற வரைக்கும் ஒருத்தனும் இன்னொரு ட்ரேயைத் தொடக்கூடாது.

நம்ம செட்ல நிறைய பேர் ஆடிட்டர் ஆபீஸ்களுக்கு ஆர்ட்டிகிள்ஷிப் போகப் போறீங்க. சரக்கு இருக்குன்னு முதலாளி சொன்னா நம்பாம குடோனுக்கே போய் எண்ணுவோம்ல? அதே மாதிரி போன வருஷ மார்ச் மாச கணக்கு ஃபைல் ஒண்ணை பேக்கப்ல இருந்து எடுத்து, வேற கம்ப்யூட்டர்ல திறந்து காட்டச் சொல்லுங்க. 'அதான் ரெய்டு இருக்கே'ன்னு பதில் வந்தா ரிப்போர்ட்ல அப்படியே எழுதி, முதலாளிகிட்ட கையெழுத்து வாங்குங்க.

டிஸ்கி: எந்தப் பெட்டி வாங்கலாம்னு தனி மெயில்ல கேக்காதீங்க மக்கா. எதை வாங்கினாலும் ஒரு டிஸ்க் சேத்து வாங்கி பீரோவுல வைங்க. பீப் சத்தத்தை ஆஃப் பண்ணாதீங்க.