பல்லுக்குக் கிளிப் சரி, எலும்பில் எதுக்கு ஸ்க்ரூ? டாக்டரிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

கிளிப் போடப் போனவரிடம், "ஈறுல ஒரு சின்ன ஸ்க்ரூ போடணும்" என்று டாக்டர் சொன்னால் பாதிப் பேருக்கு அங்கேயே வியர்த்துவிடும். உண்மையில் பயப்பட வேண்டிய விஷயம் அந்த ஸ்க்ரூ இல்லை. அதைப் போடுபவர் எங்கே, எப்படிக் கற்றுக்கொண்டார் என்பதுதான்.

இது எப்படி வேலை செய்யுது?

எத்துப்பல்லை உள்ளே தள்ள, பொதுவாகக் கடைவாய்ப் பல்லைப் பிடிமானமாக வைத்து முன்பற்களை இழுப்பார்கள். ஆனால், இழுக்கும்போது கடைவாய்ப் பல்லும் முன்னால் நகரும். கயிறு இழுக்கும் போட்டி மாதிரிதான். ஒரு பக்கம் ஆளுக்குப் பதிலாகப் புளியமரத்தில் கயிற்றைக் கட்டினால்? அந்த மரம்தான் இந்த மினி ஸ்க்ரூ. தாடை எலும்பில் இறங்கி, ஏறக்குறைய அசையாமல் நிற்கும். டைட்டானியம் கலவையிலோ ஸ்டீலிலோ செய்தது, தடிமன் 1.2 முதல் 2 மி.மீ. வரை. வேலை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள்.

யோசனை புதிதல்ல. 1945-லேயே அமெரிக்காவில் நாய்களுக்கு ஸ்க்ரூ போட்டுப் பார்த்தார்கள். சில வாரங்களில் கழன்றுவிட்டது. 1983-ல் மனிதருக்குப் பலன் கிடைத்தது. 1997-ல் ஜப்பானின் கனோமி மிகச் சிறிய ஸ்க்ரூவை அறிமுகப்படுத்திய பிறகுதான் இது பரவலானது.

சிக்கல் எங்கே?

ஸ்க்ரூவைப் போட சில நிமிடங்கள் போதும். அதனால்தான் இதை வார இறுதியில் கற்றுத்தரும் ஒர்க்‌ஷாப்கள் சாத்தியமாகின்றன. சனிக்கிழமை ஸ்லைடு, ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் தாடையிலோ ஆட்டுத் தாடையிலோ திருகிப் பார்ப்பது, மாலையில் சான்றிதழ்.

ஆனால், பிளாஸ்டிக் தாடையில் ஈறு வீங்காது, வேர் காயப்படாது. உண்மையான வாயில் இரண்டு வேர்களுக்கு நடுவே சில மி.மீ. இடம்தான் இருக்கும். வேரை உரசினாலோ, எலும்பு மெல்லியதாக இருந்தாலோ, சுற்றி அழற்சி வந்தாலோ ஸ்க்ரூ ஆடத் தொடங்கும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சுமார் 13 சதவீத ஸ்க்ரூக்கள் தோற்றுப்போகின்றன. நல்ல கைகளிலும் இது நடக்கும். ஆக, இதில் பெரிய பாடமே தோல்வியைக் கண்டுபிடித்துச் சமாளிப்பதுதான். அது வாரங்கள், மாதங்கள் கழித்து வரும். கோர்ஸோ ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிடுகிறது.

"எல்லா ஊரிலும் ஸ்பெஷலிஸ்ட் இல்லையே, குறுகிய பயிற்சியையும் தடுத்தால் நோயாளிக்குத்தானே நஷ்டம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மூன்று வருட எம்.டி.எஸ். படித்தவருக்கும் கல்லூரியில் எத்தனை ஸ்க்ரூ போடக் கிடைத்தது என்பது இடத்துக்கு இடம் மாறும். அதனால் கோர்ஸை நிறுத்தச் சொல்லவில்லை, நீட்டச் சொல்கிறேன். மாதிரித் தாடையோடு முடிக்காமல், அனுபவமுள்ளவர் பக்கத்தில் நிற்க உண்மையான நோயாளிகளுக்குப் போட வேண்டும். ஆறு மாதம் கழித்து எத்தனை நின்றன, எத்தனை கழன்றன என்ற பதிவேட்டைக் காட்டிய பிறகே சான்றிதழ் தர வேண்டும். எத்தனை கேஸ் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கையை ஒழுங்குமுறை அமைப்பே நிர்ணயிக்கலாம்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

* இதுவரை எத்தனை பேருக்குப் போட்டிருக்கீங்க?
* எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் பார்த்துத்தான் இடம் முடிவு செய்தீங்களா?
* கழன்றால் அடுத்து என்ன செய்வீங்க? அதுக்குத் தனிக் கட்டணமா?
* ஸ்க்ரூ இல்லாமல் வேறு வழி இருக்கா?

இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நன்றாகக் கற்ற டாக்டர் எண்ணிக்கையோடு, கழன்றுபோன கேஸ்களையும் சேர்த்தே சொல்வார். "அதெல்லாம் கழலவே கழலாது" என்று யாராவது அடித்துச் சொன்னால், இன்னொரு டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.