பழைய கிதாபுகளும் இல்லத்தின் அந்தரங்கமும்

நம் இல்லங்கள் சிலவற்றில், முன்னோர் கைப்பட எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளும் நிக்காஹ் குறிப்புகளும் சொத்துப் பத்திரங்களும் ஒரே மரப்பெட்டியில் உறங்குகின்றன. அவற்றைப் பதிவு செய்வோர் வாசலுக்கு வந்தால் என்ன மறுமொழி கூறுவது? பெருநகரங்களில் மட்டுமன்றி, சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரம் போன்ற ஊர்களிலும் எழக்கூடிய வினா இது.

நடுவணரசின் 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் ‘ஞான பாரதம்’ இயக்கம் அறிவிக்கப்பட்டது. தனியாரிடம் உள்ளவை உட்பட 1 கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துக் காப்பது அதன் நோக்கம். நன்முயற்சியே! கரையானுக்கு இரையான கிதாபுடன் ஓர் ஆலிமின் வாழ்நாள் உழைப்பும் அழிந்துபோகிறது.

ஆயினும் வீட்டாரின் அச்சம் வீணானதன்று. இன்ன தெருவில், இன்னார் வீட்டில் அரிய சுவடி உண்டென்பது வெளியானால் திருடரும் தரகரும் தேடி வருவர். அனுமதி பெற்று ஸலாம் உரைக்காமல் பிறர் இல்லம் புகலாகாது என்றும், திரும்பிச் செல்லச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்றும் அந்நூர் அத்தியாயம் (24:27, 28) பணிக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 24-8-2017 அன்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

ஆகவே, நூலின் பெயர், ஆசிரியர், காலம், ஏடுகளின் எண்ணிக்கை ஆகியவை ஊரறியப் பதிவாகட்டும். உரியவர் பெயரும் தெருவும் கதவிலக்கமும் வெளியிடப்படாதிருக்கட்டும். மூலம் வீட்டிலேயே இருக்க, படம் மட்டும் எடுக்கப்படட்டும். இவற்றை எழுத்தில் பெற்ற பின்னரே பெட்டியைத் திறவுங்கள். மஹர், பாகப்பிரிவினை பற்றிய காகிதங்களை முன்னதாகவே பிரித்து வைத்துவிடுங்கள்.

முன்னோரின் இல்மும் இல்லத்தின் கண்ணியமும் ஒருங்கே காக்கப்பட வல்ல ரஹ்மான் அருள்வானாக!