ஒலியற்ற கணினியும் கலைப்பீடத்தின் கடமையும்

கணினியிலே தமிழ் வந்துவிட்டது என்று நாம் பெருமிதங் கொள்கிறோம். 1991ஆம் ஆண்டு வெளியான யூனிக்கோட் குறிமுறையின் முதற்பதிப்பிலேயே தமிழெழுத்துக்கள் இடம்பெற்றன. இன்று தமிழிலே தட்டெழுதலாம், தேடலாம், அச்சிடலாம். இவற்றை எவரும் மறுக்கவொண்ணாது. ஆயினும் நாம் கணினியிலே குடியேற்றியது பெரும்பாலும் தமிழின் எழுத்தைத்தான். தமிழின் ஒலி இன்னும் வாயிலிலே நிற்கின்றது. அதனை உள்ளே அழைப்பது எவருடைய பொறுப்பு என்னும் வினாவையே இக்கட்டுரை எழுப்புகின்றது.

எம் வீரமுனையை எடுத்துக்கொள்வோம். வயல் சூழ்ந்த இவ்வூரிலே எருமைகளை வளைத்துச் சூடடித்த காலத்திற் களவெட்டியிலே பொலிப்பாட்டு ஒலித்தது. உழவு இயந்திரமும் அதன் பின்னர் அறுவடை இயந்திரமும் வந்தபோது அப்பாட்டுத் தன் தொழிலை இழந்தது. அயலிலுள்ள சம்மாந்துறையிலும் கல்முனைக் கரையூர்களிலும் முஸ்லிம் பெண்கள் பாடிய கவிகளும், ஆடவரின் பொல்லடிப் பாடல்களும், தமிழூர்களின் கண்ணகி கோயிற் குளிர்த்திப் பாடல்களும் முதியோர் சிலரின் நாவிலேயே தங்கியுள்ளன. 1990ஆம் ஆண்டின் வன்செயல்கள் வீரமுனை மக்களை ஊரைவிட்டு விரட்டின. 2004ஆம் ஆண்டின் கடற்கோள் கல்முனைக் கரையைச் சிதைத்தது. வீடிழந்தோர் தம்முடன் கொண்டுசெல்ல முடிந்தது நினைவிலிருந்த பாட்டை மட்டுமே. அப்பாட்டும் பாடுவோருடன் மறைந்துவிடும்.

அச்சு இதனைக் காக்காதா எனச் சிலர் வினவலாம். வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' போன்ற நூல்கள் ஆற்றிய தொண்டு பெரிது. எனினும் சொல்லை அச்சேற்றலாம். இசையின் நீட்டத்தையும், மூச்சு முறியும் இடத்தையும் அச்சேற்ற முடியாது. 'கா' என்னும் எம்மவர் விளி ஏறி ஒலித்தால் அதட்டல். இறங்கி ஒலித்தால் அன்பு. அச்சிலோ இரண்டும் ஒரே எழுத்து.

கைத்தொலைபேசி இருக்கக் கணினி எதற்கு என்பர் வேறு சிலர். தொலைபேசி பேச்சுக்கென அமைந்தது. அதன் பதிவுச் செயலிகள் பெரும்பாலும் இரைச்சலை நீக்குவதாகக் கருதி இசையின் மென்மையையும் சேர்த்து வழித்துவிடுகின்றன. வாட்ஸ்அப் வழி அனுப்பும் குரற்செய்தி மேலும் சுருக்கப்படுகின்றது. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமோ, விநாடிக்கு 48,000 மாதிரிகளும் மாதிரியொன்றுக்கு 24 பிட்டுகளும் கொண்ட சுருக்கப்படாத பதிவையே ஆகக்குறைந்த அளவாக விதந்துரைக்கின்றது. ஓர் ஒலிவாங்கியும், பிறர் கழித்துவிட்ட பழைய கணினியும், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தால் இதனை நாமே செய்யலாம். இடையிலே தடையாக நிற்பது ஒன்றே: ஒலிச்சாதனத்தின் இயக்கி, அதாவது டிரைவர்.

இந்த இயக்கியைப் பற்றிய அச்சம் அறியாமையின் விளைவே. யூனிக்ஸ் மரபின் அடிப்படைக் கொள்கை எளியது: சாதனமும் ஒரு கோப்பே. ஒலிவாங்கியைப் படிப்பதென்பது ஒரு கோப்பைப் படிப்பதைப் போன்றதே. கர்னல் எனும் கருப்பகுதியில் அமரும் இயக்கி, ஒலிச்சில்லின் மொழியை அக்கோப்பின் மொழியாக மாற்றித் தருகின்றது. இன்று பெரும்பாலான கணினிகளில் லினக்ஸ் அச்சில்லைத் தானே இனங்கண்டு உரிய இயக்கியையும் ஏற்றிவிடுகின்றது. யூ.எஸ்.பி. ஒலிவாங்கிகளிற் பல பொது நியமத்தைப் பின்பற்றுவதால் அவை அனைத்திற்கும் ஓர் இயக்கியே போதும்.

பின் ஏன் கணினி ஊமையாகின்றது? காரணங்கள் சிலவே. லினக்சின் ஆல்சா என்னும் ஒலியமைப்பு, வாயில்களைத் தொடக்கத்தில் மூடியே வைக்கும் வழக்கமுடையது. கலப்பான் திரையிலே அவற்றைத் திறந்து, பதிவுக்குரிய வாயிலைத் தெரிவுசெய்யும்வரை நல்ல இயக்கியும் பழுதானதுபோலத் தோன்றும். திரைக்கு ஒலி அனுப்பும் சாதனம் முதலிடம் பெற்று, காதணிக்குரிய சாதனம் இரண்டாமிடத்திற்குத் தள்ளப்பட்டிருக்கலாம். 2004இல் இன்டெல் வகுத்த ஒலிநியமத்தை ஏற்ற நிறுவனங்கள் செருகுதுளைகளை வெவ்வேறு விதமாக இணைத்துள்ளன. அப்போது கணினியின் மாதிரியைக் குறிக்கும் ஒரு வரியை அமைப்புக் கோப்பிலே சேர்க்க வேண்டும். சாதனத்தைத் தொடும் உரிமை பயனருக்கு உண்டா என்பதையும் பார்த்தல் வேண்டும். ஒரு பாடலின் பாடபேதங்களை ஒப்புநோக்கும் பொறுமை உடையவர்க்கு இது கடினமன்று.

'அது விஞ்ஞானபீடத்தார் வேலை' என்னும் வாதமே எல்லாவற்றிலும் கொடியது. வீரமுனையிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞான ஆசிரியர். அவரே 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் வெளியான 'யாழ்நூல்' கணிதமின்றிப் பிறந்திருக்க முடியாது. அடிகளின் படத்துக்கு மாலையிட்டுவிட்டு, ஒலியின் நுட்பம் எமக்குரியதன்று எனக் கைகழுவுவோர் அவரை வணங்குகின்றனரா, மறுக்கின்றனரா?

ஆங்கிலத்தில் வழிகாட்டிகள் உள்ளனவே என்பாருமுளர். உண்மை, ஆனால் அவை குவிந்து குழம்பிக் கிடக்கின்றன. 1992இல் பின்லாந்தினரான அன்னு சவொலைனன் எழுதிய இயக்கியிலிருந்து வளர்ந்த ஓ.எஸ்.எஸ். அமைப்புக்குரிய குறிப்பு, 2003இன் இறுதியில் ஆல்சா கர்னலோடு வெளியானபின் பழமையாயிற்று. அதன்மேல் பல்ஸ்ஓடியோ வந்தது. இப்போது பைப்வயர் அதன் இடத்தைப் பிடித்துள்ளது. எந்தக் குறிப்பு எந்தக் காலத்தது என்றறியாத ஊர்ப்பாடசாலை ஆசிரியரும் வாசிகசாலைப் பொறுப்பாளரும் அக்குவியலில் என் செய்வர்? ஆண்டும் பதிப்பும் குறித்த தெளிவான தமிழ் வழிகாட்டியே அவர்களுக்கு வேண்டியது.

லினக்சை 1991இல் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது எல்சிங்கி பல்கலைக்கழகத்தின் 21 வயது மாணவர். தம் படைப்பின் பெயரை எவ்வாறு உச்சரிப்பது என்பதைத் தம் குரலிலேயே பதிந்து அவர் வெளியிட்டார். தம் ஒலியட்டை சரிவர அமைந்ததா எனச் சோதிக்கப் பலர் அக்கோப்பையே ஒலிக்கவிட்டனர். ஒரு சிறு பெயரின் ஒலியைக்கூட எழுத்தால் உணர்த்த இயலாமற் குரல் வேண்டியிருந்ததெனில், ஒரு நிலத்தின் பாட்டை எழுத்திடம் ஒப்படைத்துவிட்டு அமைதி கொள்வது எவ்வாறு?

எனவே தமிழ்ச்சங்கத்தின் முன் மூன்று பணிகளை வைக்கின்றேன். ஒன்று, ஒலியியக்கி அமைப்பு வழிகாட்டியைத் தமிழிலே எழுதி ஆண்டுதோறும் திருத்துதல். இரண்டு, சங்க அறையிலே ஒரு கணினியை ஒலிப்பதிவுக்கென ஒதுக்கி, முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் அதனைத் தம் கையால் அமைத்துப் பழகச் செய்தல். மூன்று, விடுமுறையில் ஊர் செல்வோர் தத்தம் ஊர்ப் பாடகரைப் பதிந்து, அவர் ஒப்புதலோடு நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகங்களிற் சேர்த்தல்.

இவற்றுக்குப் பெருநிதி வேண்டுவதில்லை. சில நாள் உழைப்புப் போதும். முதியோர் இருக்கும்போது கணினியை ஊமையாக வைத்துவிட்டு, அவர் மறைந்தபின் நினைவுமலர் வெளியிடும் வழக்கத்தை இனியேனும் கைவிடுவோம். அடுத்த விடுமுறைக்கு இன்னும் காலமிருக்கிறது. அதற்குள் அந்த ஒரு கணினியையாவது பேசவைப்போம்.