சுவரில் ஏறாத பெயர்கள்

இந்த வாரம் ஒரு காணொளி மனசை நிறைத்துவிட்டது. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் முதல் உலகப் போர் நினைவிடமான மெனின் கேட் என்ற தோரணவாயில். இரவு எட்டு மணி. போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். ஊர்த் தீயணைப்புப் படையினர் 'லாஸ்ட் போஸ்ட்' என்ற அஞ்சலி இசையை ஊதுகிறார்கள். பிரிட்டனிலிருந்து வந்த கேடட் பிள்ளைகள் மலர்வளையம் ஏந்தி நடந்து வருகிறார்கள். பதின்மூன்று, பதினாலு வயதுதான் இருக்கும். சிலருக்குச் சீருடை தொளதொளவென்று இருந்தது; நடை மட்டும் பிசகவில்லை.

பிள்ளைகளை வெளிநாட்டுப் போர் நினைவிடங்களுக்குக் கூட்டிப்போவது வீண்செலவு என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. ஈப்பரில் இந்த அஞ்சலி 1928இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஊரைப் பிடித்திருந்தபோது நின்றது. 1944 செப்டம்பர் 6 அன்று போலந்துப் படை ஊரை மீட்டது. அன்று மாலையே மறுபடியும் ஊதினார்கள். ஓர் ஊர் தன் கடமையை இப்படிக் காப்பாற்றுவதை அந்த வயதில் நேரில் பார்ப்பது பெரிய படிப்பு.

காணொளியில், அஞ்சலி முடிந்ததும் ஒரு சிறுமி சுவரில் ஒரு பெயரைத் தேடிப்பிடித்து, வாய்விட்டு வாசித்தாள்.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் பழைய சண்டை தெரியும். நினைவுக் கூட்டங்களில் இறந்தவர்களை 'தியாகிகள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, தளபதியின் பெருமையை அரைமணி நேரம் பேசுவது எனக்கு ஆகாது. மெனின் கேட்டில் எல்லாருக்கும் இடம் உண்டு. உடல் கிடைக்காமலோ அடையாளம் தெரியாமலோ போன 54,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. 1917இல் உருவான பிரிட்டிஷ் போர்க் கல்லறை ஆணையத்துக்காக, அதை நிறுவிய ஃபேபியன் வேர் வற்புறுத்திய விதி அது: பதவி, இனம், மதம் பாராமல் எல்லாருக்கும் ஒரே மரியாதை.

அந்த விதி ஈராக்கின் பாஸ்ராவில் செல்லுபடியாகவில்லை. முதல் உலகப் போரில் மெசொப்பொத்தேமியப் போர்முனையில் இறந்தவர்களுக்காக 1929இல் அங்கே நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கானது, பெரும்பாலோர் இந்தியர்கள். பிரிட்டிஷ் வீரர்களின் பெயரைப் பொறித்தார்கள். இந்திய அதிகாரிகளின் பெயரையும் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்குக் கிடைத்தது, ரெஜிமெண்டின் பெயருக்குக் கீழே 'இத்தனை பேர்' என்ற ஓர் எண். மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் அந்தப் போர்முனைக்குப் போனவர்கள். நம் பக்கத்திலிருந்து கடல் தாண்டிப் போனவன், செத்தபிறகு ஒரு கூட்டல் கணக்கில் சேர்ந்துவிட்டான். நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இப்படிப்பட்ட பாகுபாட்டை அந்த ஆணையமே 2021 அறிக்கையில் ஒப்புக்கொண்டது. இந்தியர்கள் மட்டுமல்ல, பெரும்பாலும் ஆப்பிரிக்காவையும் மத்தியக் கிழக்கையும் சேர்ந்த, குறைந்தது 1,16,000 பேர் பெயர் பொறிக்கப்படாமலோ, நினைவே கூரப்படாமலோ விடப்பட்டார்கள். அது 3,50,000 வரை போகலாம் என்றது அறிக்கை. இனப்பாகுபாடு அதற்குக் காரணம் என்று சொல்லி, ஆணையம் மன்னிப்பும் கேட்டது. நூறு வருஷம் கழித்து வந்த மன்னிப்பு. வந்தவரைக்கும் நல்லது.

கேடட் பிள்ளைகளைப் பாஸ்ராவுக்குக் கூட்டிப்போகச் சொல்ல முடியாது. ஆனால் ஈப்பரிலிருந்து கொஞ்ச தூரத்தில், பிரான்ஸ் எல்லைக்குள், நவ் சப்பேல் இருக்கிறது. 1927இல் திறந்த இந்திய நினைவிடம் அது. 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அங்கே உண்டு. பயணத்தை ஏற்பாடு செய்பவர்கள் அரை நாள் ஒதுக்கிப் பிள்ளைகளை அங்கேயும் அழைத்துப்போக வேண்டும். அந்தப் பெயர்களையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பாஸ்ராவில் நடந்ததையும் அங்கேயே சொல்லுங்கள். கேட்டுப் புரிந்துகொள்ளும் வயதுதான் அவர்களுக்கு.