இளைய தாரத்துப் பிள்ளையின் ஐம்பது சென்ட்

இளைய தாரத்துப் பிள்ளைக்குப் பூர்வீக நிலத்தில் பங்கு உண்டு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் குடும்பங்களைக் குலைத்துவிட்டது, மூத்தவளின் பிள்ளைகளிடமிருந்து பாதி நிலத்தைப் பறித்துவிட்டது என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். தீர்ப்பைப் படிக்காமல் எழுதினார் என்றால் பொறுப்பின்மை. படித்துவிட்டு எழுதினார் என்றால் பச்சைப் பொய்.

2023 செப்டம்பர் 1 அன்று ரேவணசித்தப்பா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது என்ன? மூத்தவள் இருக்கும்போதே இளையவளைக் கட்டுவது போன்ற செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளை கூட்டுக் குடும்பத்தின் பங்காளி ஆகாது. தகப்பன் பாகத்தில் மட்டுமே அதற்கு உரிமை. ஆறு ஏக்கர் நிலம் என்று வையுங்கள். மூத்தவளுக்கு ஒரு மகன், ஒரு மகள். இளையவளுக்கு ஒரு மகன். தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், சாவதற்குச் சற்று முன் பாகம் பிரிந்ததாகக் கணக்கு: அவருக்கு 2 ஏக்கர், மூத்தவளின் பிள்ளைகளுக்குத் தலா 2. பிறகு அவருடைய 2 ஏக்கர் மூத்த மனைவி, மூன்று பிள்ளைகள் என நால்வருக்குப் பிரியும். ஆளுக்கு 50 சென்ட். மூத்தவளின் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் இரண்டரை ஏக்கர், இளையவளின் மகனிடம் அரை ஏக்கர். இளையவளுக்கு ஒரு குழிகூடக் கிடையாது. பறிபோன பாதி எங்கே?

பண்பாடு கெட்டது என்கிறார். 1949இல் சென்னை மாகாணம் இந்துக்களின் பலதார மணத்தைத் தடை செய்யும்வரை ஊருக்கு ஊர் மிராசுதார்கள் இரண்டு, மூன்று கட்டினார்கள். முறைப்படி கட்டிய எல்லா மனைவியரின் மகன்களும் சமமாகத்தான் பாகம் பிரித்தார்கள். அவர் காக்கத் துடிக்கும் மரபே அவரை மறுக்கிறது.

பங்கு கொடுத்தால் ஆண்கள் துணிந்து இரண்டாவது கட்டுவார்களாம். அந்தக் குற்றத்துக்கு ஏழாண்டு வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. கட்டிய ஆணைக் கண்டித்து அவர் ஒரு வரி எழுதவில்லை. கோபமெல்லாம் பிள்ளை மேல்தான். வாரிசுச் சான்றுக்கு மனு போட்டால் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வருவார். தெருவே கூடி நிற்கும்போது, "இவன் யாரு?" என்ற கேள்விக்கு அந்தப் பையன் தலையைக் குனிந்து நிற்கிறான். அப்பன் வயலில் மடை திருப்பியவன், நாற்றுக்கட்டு சுமந்தவன். இதற்கு மேலும் அவனை எதற்குத் தண்டிக்க வேண்டும்?

மூத்தவளுக்காகக் கண்ணீர் விடும் கட்டுரையாளர் மேலே உள்ள கணக்கை மறுபடி பார்க்கட்டும். ஆயுள் முழுக்க அந்த ஆறு ஏக்கரில் களை பறித்தவளுக்கும் 50 சென்ட்தான். கூட்டுக் குடும்பச் சொத்தில் மனைவி பங்காளி இல்லை என்பதால் அவளுக்கு இழைக்கப்பட்ட அநீதி அது. இளையவளின் மகன் பிறக்காமலே இருந்திருந்தாலும் அவள் பங்கு ஓர் ஏக்கரைத் தொட்டிருக்காது. அதை மாற்றச் சொல்லி அவர் எழுதட்டும். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.